இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஹிசாயோ சாவியைத் திருகியதும் புருஷனின் வெள்ளைக் கார் போட்ட உறுமலில் முன்னறையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. உள்ளே முகத்தில் வெள்ளைத் துணியோடு படுத்திருந்த தெய்ஜிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் முகத்தைச் சிரிக்க வைத்த சத்தம் அது ஒன்றுதான்.

தெய்ஜியின் தங்கை சுமிகோ செருப்பைப் போட்டும் போடாமலும் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? எங்கண்ணன் இன்னும் வீட்டுலதான் கிடக்கறாரு."

"எங்க போயிடப் போறாரு? எரிக்கிற இடத்துல நாளை மறுநாள்தான் இடம் காலியாகுமாம். ஊதுபத்தி அணையாம பாத்துக்க. ஐஸ் மாத்துற ஆள் வந்தா டீ குடு."

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"வண்டிக்கு வீல் அலைன்மென்ட் பாக்க."

சுமிகோ திறந்த வாயை மூடவில்லை. அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று ஹிசாயோ கியரைப் போட்டாள்.

நேற்று மாலை ஹொசாகா வந்திருந்தார். தெய்ஜி கான்கிரீட் கலவை லாரி ஓட்டிய கம்பெனியின் முதலாளி. முறைப்படி மண்டியிட்டார், ஊதுபத்தி ஏற்றினார், மணியைத் தட்டினார், கண்ணை மூடிக் கும்பிட்டார். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு டீயை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்.

"தெய்ஜி மாதிரி ஒருத்தன் இனிமே கிடைக்கமாட்டான்மா. ஒரு நாள் லீவு போட்டதில்ல."

ஹிசாயோ டீத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு கேட்கவில்லையா அவன்? வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு இரண்டு தடவை கேட்டான். "வயித்து வலி எனக்கும்தான் வருது. நீ படுத்துட்டா ட்ரம்முல இருக்கிற கலவை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று எல்லா டிரைவர்களுக்கும் நடுவில் ஹொசாகா கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். தெய்ஜியும் சிரித்தானாம். மூன்றாவது தடவை அவன் கேட்கவே இல்லை.

"அப்புறம் அந்த வண்டி," என்றார் ஹொசாகா. "குடிக்கும்போதெல்லாம் தனக்கப்புறம் அது எனக்குத்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பான். ஞாபகமா நானே வச்சிக்கிறேன். வீட்டைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. வசந்தம் வரைக்கும் தாராளமா இருங்க."

வீடு கம்பெனியுடையது. வண்டியையும் வீட்டையும் ஒரே மூச்சில் அவர் சொன்னதற்கு அர்த்தம் சுமிகோவுக்குக்கூடப் புரிந்தது. ஹிசாயோ நெற்றி பாயில் படும்படி குனிந்தாள்.

"எடுத்துக்குங்க முதலாளி. காரியம் முடிஞ்சதும் என் கையாலேயே சாவியத் தர்றேன். ஒரு தடவை சக்கரத்தை மட்டும் சரி பாத்துடறேன். அவரு இருந்தா சும்மா குடுக்கமாட்டாரு."

குனிந்த தலை நிமிர்வதற்குள் யோசனை முழுசாக வந்துவிட்டது.

ஒரு தடவை தெய்ஜி கழற்றிய டயர் ஒன்றை அவள் முன்னால் உருட்டிக் காட்டியிருந்தான். முகப்பில் பார்த்தால் புத்தம் புதுசு. திருப்பினான். உள்விளிம்பு முழுக்கத் தேய்ந்து கம்பி பல்லிளித்தது. "தரையோட ஒட்டித் தாழ்த்தின வண்டியில சக்கரக் கோணம் தப்பினா இப்படித்தான். நின்னு பாக்கிறவனுக்குத் தெரியாது. மழையில ஒரு வளைவு போதும்," என்றான். அன்று அதை அவள் காதில் வாங்கினது மாதிரியே இல்லை. போன மாதம் டாக்டர் படத்தைக் காட்டி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று சொன்னபோதுதான் அந்த டயர் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று வெங்காயத்தாள் வயல்களை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. வண்டியும் ஒரு பக்கமாகவே போனது. இடப்பக்கம். நேராகப் பிடித்தால் மெல்ல, யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோல, ஓரத்துக்கு நகர்ந்தது. முப்பது வருஷம் ஊறுகாய்த் தொழிற்சாலையில் முள்ளங்கி அமுக்கிய கை அவளுடையது. அதுவே வலித்தது. இத்தனை வருஷம் அவன் சீராட்டின லட்சணமா இது என்று நினைத்தாள்.

முதலில் போனது நெடுஞ்சாலையோரப் பெரிய டயர் கடை. சீருடை போட்ட ஆள் வண்டியைப் பார்த்ததுமே இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டான். தாழ்த்தின வண்டியை அவர்கள் தொடுவதில்லையாம். இரண்டாவது கடைக்காரர் குந்தி உட்கார்ந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

"என் உள்ளங்கையே போகலியேம்மா. இதுல என் ஜாக்கி எங்க போகும்? இத யாரு ஓட்டுறது? தவளையா?"

"இதைச் சரி பாக்கத் தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கம் யாருமே இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். ஆத்தைத் தாண்டி, பழைய பட்டுப்புழு கிடங்குல. இசோகாய்னு. வாய் கொஞ்சம் நீளம். ஆனா அவன் நேராக்கின வண்டியில ஸ்டியரிங்கை விட்டுட்டுத் தூங்கலாம்."

கிடங்கு வாசலில் அவள் நிறுத்துவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே. வேலையை விட்டுட்டீங்களா?"

எண்ணெய்க் கறை படிந்த கம்பளித் தொப்பியோடு நாற்பது வயசுக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கியவளைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது. வண்டியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எப்ப?"

"முந்தாநேத்து."

அவன் உள்ளே போய் அடுப்பின் மேலிருந்த கெட்டிலை எடுத்து டீ ஊற்றிக்கொண்டு வந்தான். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெய்ஜி மலைச்சாலையில் பையன்களோடு சுற்றப் போகிறான் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதற்காகப் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. இங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறான், இந்த ஓட்டை நாற்காலியில்.

"நேராக்கணுமா?" என்றான் இசோகாய்.

"கோணலாக்கணும்."

அவன் டீக்கோப்பையைக் கீழே வைத்தான்.

"டயரை உள்பக்கமாத் தின்னணும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியக்கூடாது. மழைக் காலம் வரைக்கும் தாங்கினா போதும்." குரல் காய்கறிக் கடையில் கேட்பதுபோலத்தான் வந்தது. "ஹொசாகா எடுத்துக்கிட்டுப் போறாரு."

"கலவை காத்துக்கிட்டு இருக்குமான்னு கேட்டாரே, அவரா?"

"எங்க வீட்டுக்காரரு உங்ககிட்டயும் சொன்னாரா?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல."

இசோகாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். கை டயரின் உள்பக்கத்தைத் தடவியது.

"செய்ய முடியும்," என்றான் கடைசியில். "மழை பெய்யணும். மலை இறக்கம். வளைவு. எல்லாம் நீங்க நினைச்ச மாதிரியே நடக்கும். ஆனா எதிர்ல எவன் வருவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்கூல் பஸ்ஸா இருக்கும். டோஃபு வண்டியா இருக்கும்."

ஹிசாயோ வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"முதல்ல இப்ப எப்படி நிக்குதுன்னு பாக்கறேன்," என்று எழுந்தான்.

நீளப் பலகைகளை அடுக்கி அடுக்கி, குழந்தையைப் படியேற்றுவதுபோல வண்டியை மேடையேற்றினான். நான்கு சக்கரங்களும் சுழலும் தட்டுகளில் உட்கார்ந்தன. பிறகு மூலையிலிருந்து கித்தான் மணல்மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஒவ்வொன்றாக அடுக்கினான். சரியாமல் இருக்கப் பெல்ட்டையும் மாட்டினான்.

"அது எதுக்கு?"

"தெய்ஜி அண்ணன்," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "இல்ல, ஆள் உக்காந்தா வண்டி அமுங்கும். அமுங்கினா சக்கரம் சாயும். சும்மா அளந்தா ஆளில்லாத வண்டிதான் நேராப் போகும். அதனால ஓட்டுறவங்க எடையை வச்சுத்தான் அளப்போம்."

பேசிக்கொண்டே, பழக்கதோஷம், இன்னொரு அடுக்கைத் தூக்கி இடப்பக்க இருக்கையில் வைத்தான். அதற்கும் பெல்ட் மாட்டினான்.

"அது யாரு?"

இசோகாய் தலையைச் சொறிந்தான்.

"நீங்கதான்."

வெளியே காற்று தகரக் கூரையைத் தட்டிவிட்டுப் போனது.

"நான் இதுல ஏறி மூணு வருஷம் ஆச்சு. இடுப்பு ஒடியுதுன்னு ஏறவே மாட்டேன்னுட்டேன்."

"தெரியும். எல்லாரும் ஒரு பக்கம்தான் வைக்கச் சொல்லுவாங்க. இவரு மட்டும் ரெண்டு பக்கமும் கேப்பாரு. அவங்கதான் வர்றதில்லையே, எடுத்துடட்டுமான்னு நானும் கேட்டேன். 'வை வை, என்னைக்காவது ஏறி உக்காந்து அன்னைக்குன்னு பார்த்து வண்டி கோணலாப் போச்சுன்னா அவ வாயில யாரு விழறது'ன்னாரு."

"என் எடை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன்தான் சொல்லுவாரு." மேலே கிடந்த சின்ன மூட்டைகளைக் காட்டினான். "வருஷத்துக்கு ஒரு குட்டி கூடும்."

அவளுக்குக் காது சூடேறியது. "ஊர்ல போறவன்கிட்ட எல்லாம் இதையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு? இருக்கட்டும், வீட்டுக்குப் போனதும் கேக்கறேன்."

சொல்லிவிட்டாள். இசோகாய் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

சற்று நேரம் கழித்து ஹிசாயோ ஓட்டுநர் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். அந்த அடுக்கு இடப்பக்கத்து அடுக்கைவிடச் சின்னதாக இருந்தது.

"இவ்வளவுதானா அவரு?"

"முன்ன பெரிசா இருந்துச்சு. ஜூன்ல அவரே ஒரு மூட்டையைத் தூக்கிக் கீழ போட்டாரு. செப்டம்பர்ல ரெண்டு. 'என்னண்ணே, டயட்டா?'ன்னு கேட்டேன். 'ஆமா, பொம்பளைங்க திரும்பிப் பாக்கணும்ல'ன்னாரு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நவம்பர்ல நானே கேக்காம எடுத்துட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கிடையாது. இந்தக் கடை இருந்தது.

பெல்ட் மாட்டிய இரண்டு அடுக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. இடப்பக்கத்தது கொஞ்சம் சாய்ந்திருந்தது. இசோகாய் கருவியின் திரையைப் பார்த்துவிட்டு, நேராக இருக்கிறது, ஒரு மயிரிழைகூடப் பிசகில்லை என்றான்.

"அப்போ வர்ற வழியெல்லாம் ஏன் இடப்பக்கம் இழுத்துச்சு?"

"தனியாத்தானே வந்தீங்க. இது ரெண்டு பேருக்கு நேராக்கினது."

ஹிசாயோ இடப்பக்க அடுக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு தனியா ஓட்டினப்பவும் இழுத்திருக்குமா?"

"இழுக்காம? கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருப்பாரு."

"ஹொசாகாவுக்கும் இழுக்கும்."

"இழுக்கும். சாகமாட்டாரு. கைதான் சும்மா இருக்காது. மலைச்சாலையெல்லாம் இதுல பறக்கலாம்னு கனவு கண்டுக்கிட்டு இருந்தா, தோள்பட்டைக்கு மருந்துப் பட்டை ஒட்டிக்கிட்டுத்தான் இறங்குவாரு."

"வேற கடைக்குக் கொண்டுபோனா?"

"போனீங்களே, யாராவது எடுத்தாங்களா?"

"உங்ககிட்டயே வந்தா?"

இசோகாய் தொப்பியை மாட்டிக்கொண்டான். "எனக்கு அன்னைக்கு இடுப்பு வலி."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள். "ஒண்ணையும் தொடாதீங்க."

இரண்டு நாள் கழித்துத் தெய்ஜியை ஏற்றிய சவ வண்டி நீளமாக ஒலி எழுப்பிவிட்டுக் கிளம்பியது. எரித்து முடிந்ததும் நீளக் குச்சிகளால் எலும்பைப் பொறுக்கிச் சாடியில் போட்டார்கள். சாடியை வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது ஹிசாயோ அதை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். ஒரு குட்டி மூட்டைக்கும் காணாது.

ஹொசாகா கறுப்புக் கோட்டைக்கூட மாற்றவில்லை. வாசலிலேயே காத்திருந்தார். ஹிசாயோ சாவியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள்.

"நல்ல கடையாத் தேடிப் பாத்துட்டு வந்தேன் முதலாளி. அவரு எப்படி வச்சிருந்தாரோ அப்படியே இருக்கு."

"தெய்ஜி குடுத்து வச்சவன்மா," என்றார் அவர், கண் வண்டியிலேயே இருந்தது.

உறுமல் எழுந்தது. சுமிகோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தாள். ஹிசாயோவும் கைகளைத் தொடைமேல் வைத்து, இடுப்பு வளையக் குனிந்தாள். போகிறவரின் வண்டி கண்ணை விட்டு மறையும்வரை தலையைத் தூக்கக் கூடாது.

அவள் தூக்கினாள்.

வயல் நடுவே நேராகப் போகும் சாலையில் வெள்ளை வண்டி மெல்ல இடது ஓரத்துக்கு நகர்ந்தது. வெடுக்கென்று நடுவுக்கு வந்தது. மறுபடி நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாக ஹொசாகாவின் வலது தோள் உயர்வதும் இறங்குவதும் தெரிந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"அண்ணி," என்றாள் சுமிகோ, குனிந்தபடியே. "போயிட்டாரா?"

"இன்னும் இல்ல," என்றாள் ஹிசாயோ. மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.