ஏத்தம் ரெண்டு, எறக்கம் ஒண்ணு

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து வந்தது. அதை எழுதியவனும் நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தேன் என்பீர்கள்.

ஒரு கடிதம் அல்ல, ஏழு வருடத்தில் பதினோரு கடிதங்கள். பத்திரிகைக்கு ஆறு, நகரைச் சீரமைக்க வந்த ஒரு குழுவுக்கு ஐந்து. எல்லாவற்றிலும் ஒரே பல்லவிதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் மனிதன் நிம்மதியாக நடக்க முடியவில்லை. அஞ்சடி* கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது. ஒரு வாசல் கணுக்கால் உயரம் என்றால் அடுத்தது முழங்காலுக்கு வருகிறது. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? இப்படிக்கு, அர்ஜுனன், ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மற்றவர்களின் கடிதங்களை முப்பது வருடம் சுமந்தவனுக்குச் சொந்தமாக எழுத ஆசை வந்தால் இப்படித்தான் ஆகும்.

(*வெளியூர் வாசகருக்கு: கடைகளின் முன்னால், மாடி வீட்டுக்கு அடியில், தெரு நெடுக ஓடும் ஐந்தடி அகல நடைபாதை. வெயிலும் படாது, மழையும் படாது. கட்டினவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.)

2

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று.

தொடக்கம் ஒன்று: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் புஷ்பவள்ளி" [வேண்டாம். பினாங்கில் மழை பெய்யாத மாலை இருந்தால் அதைச் சொல்லலாம்.]

தொடக்கம் இரண்டு: "நடத்தல் என்பது நகரத்தோடு நாம் நிகழ்த்தும்" [இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கும் வாக்கியம்.]

தொடக்கம் மூன்று: புஷ்பவள்ளி என் அக்கா. வயது அறுபத்து மூன்று. கண்ணில் அழுத்த நோய் வந்து, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே போய், இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

இது இருக்கட்டும்.

லெபோ கிங் என்ற தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் நானும் அவளும் குடியிருக்கிறோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், அது நிற்கவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அக்கா முப்பத்து நான்கு வருடம் தட்டச்சு செய்தாள். அத்தனை வருடமும் நடந்தே போனாள், நடந்தே வந்தாள்.

எங்கள் வீட்டில் குடையே கிடையாது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "அஞ்சடி இருக்கப்போ கொடை எதுக்கு?" என்பார். பள்ளி விட்டு வரும்போது கொட்டும் மழையிலும் நாங்கள் நனைவது மூன்றே இடத்தில்தான், தெருவைக் கடக்கும் மூன்று இடத்தில். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். மறுகரையின் கூரைக்குள் நுழைந்ததும் இருவரும் சிரிப்போம். பிறகு அவசரமே இல்லை. காப்பிக் கொட்டை வறுக்கும் கடை, கருவாட்டுக் கடை, ஊதுபத்திப் புகையோடு சீனத்து மருந்துக் கடை, மல்லிகை தொடுக்கும் கடை. ஒவ்வொரு வாசலிலும் யாராவது "சாப்டாச்சா?" என்பார்கள். சீனர்களும் தமிழில் கேட்பார்கள்.

நடையின் சுகம் எது என்று பதினோரு கடிதம் எழுதிய எனக்கு, உண்மையில் தெரிந்த சுகம் அது ஒன்றுதான். அதற்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். இதை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

3

பார்வை போன பிறகும் அக்கா தினமும் காலையில் தனியாகவே போய்வந்தாள். வீட்டிலிருந்து மூலைக் காப்பிக் கடை வரை ஒன்பது வாசல். கம்பு கிடையாது, துணை கிடையாது. அவளுக்குக் கால்தான் கண்.

"பழனியப்பன் மளிகைக்கு ஏத்தம் ரெண்டு, எறக்கம் ஒண்ணு" என்பாள். "செங்கல் தரை. அடுத்தது வழுவழுன்னு சிமிட்டி. மருந்துக் கடைல பூப்போட்ட ஓடு, காலுக்குக் கூசும். அதுக்கப்புறம் பெரிய எறக்கம் ரெண்டு வந்தா மூலை. அங்க நின்னுறணும்."

யாரிடமும் வழி கேட்டதில்லை. கேட்பதை அவமானமாக நினைத்தாள். "கண்ணு போனா வாயத் தொறந்து பிச்சை எடுக்கணுமா?" என்று ஒருமுறை என்னிடமே எரிந்து விழுந்தாள்.

நான் கடிதத்தில் குற்றமாக அடுக்கிய ஒவ்வொரு படியும் அவளுக்கு ஒரு விலாசம். தபால்காரனுக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

4

குழு கடைசியில் மனம் இரங்கியது. ஒன்பது வாசலையும் ஒரே மட்டமாக்கி, ஒரே சாம்பல் நிற ஓடு பதித்து, மூலையில் படிக்குப் பதில் சரிவு போட்டார்கள். அவ்வளவு இதமான சரிவு, கால் வைத்தால் நடைபாதை எங்கே முடிந்தது, சாலை எங்கே தொடங்கியது என்றே தெரியாது. ரிப்பனுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பத்திரிகையில் வந்தது. நான் அதைக் கத்தரித்து அலமாரியில் வைத்தேன். இது என் கடிதங்களால் வந்தது என்று அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லி அவளை அசத்தலாம் என்று நினைத்தேன்.

ரிப்பன் வெட்டிய பதின்மூன்றாம் நாள் காலை, அதுவரை அடி எண்ணிச் சமாளித்தவள் மூலையைத் தாண்டிச் சாலையின் நடுவுக்கு நடந்துவிட்டாள். ஒரு லோரி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் ஹைருல் என்ற இளைஞன். அவன்தான் மாடி வரை அவளைக் கூட்டிவந்தான். "மக்சிக், மக்சிக்" என்று, மலாயில் அத்தை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் வீட்டில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் லோரியை எடுத்தான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து

[இங்கே "கண்ணீர் பெருகியது" என்று எழுதியிருந்தேன். பொய். அவள் அழவில்லை. கதைக்குள் வந்ததும் இவள் என் கையை மீறி நல்லவளாகிறாள், மென்மையாகிறாள். எனக்கு இந்தப் புஷ்பவள்ளி மேல் நம்பிக்கை இல்லை. நிஜமானவள் செருப்பைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள்.]

"நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியலடா" என்றாள். அப்புறம் நான்கு மாதம் படி இறங்கவே இல்லை.

5

அவளை வெளியே வரவைக்க வேண்டும். இந்தக் கதையை எழுதுவதற்கு அது ஒன்றுதான் காரணம், இலக்கியம் எல்லாம் இல்லை. நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் கதையாக்கி வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். நேற்றுக் காலை, இதுவரை நீங்கள் படித்த அத்தனையையும், முதல் வரியிலிருந்து, அவளுக்கு வாசித்தேன்.

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சிச்சா?"

"இதுவரைக்கும்தான்கா."

"உன் போட்டோ பேப்பர்ல வந்த அன்னிக்கே பழனியப்பன் வாசிச்சுக் காட்டிட்டாரு. ரிப்பன் பக்கத்துல இளிச்சிக்கிட்டு நின்னியாமே."

"தெரிஞ்சும் ஏன்கா கேக்கல?"

"என்னான்னு கேக்குறது? நீ எழுதுனது தப்பா? பின் சந்து சாந்தினி இருக்கால்ல, இப்பதான் சக்கர நாற்காலிய தானே தள்ளிக்கிட்டு மளிகைக்கு வர்றா. முந்தி அவங்க அண்ணன் தூக்கிட்டு வரணும். அவளுக்கு வழி வந்திச்சு, எனக்குப் போச்சு. இதுல யாரப் போயி திட்டச் சொல்ற?"

காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு கடிதத்துக்கும் சேர்த்து எனக்கு வந்த பதில் அது. நான் அழுதேன். இதை வெட்டப் போவதில்லை.

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக வாசித்தேன்.

முடிவு அ: தம்பி பன்னிரண்டாவது கடிதம் எழுதுகிறான். பழைய படிகள் திரும்ப வருகின்றன.

"அப்ப சாந்தினி எப்படிப் போவா? உன் தலையிலயா?"

முடிவு ஆ: தம்பி தினமும் அக்காவின் கையைப் பிடித்துக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போகிறான்.

"நான் என்னா பாசார் காய்கறி வண்டியா, தள்ளிக்கிட்டுப் போக?"

முடிவு இ: அக்கா நடந்து வரும்போது ஒவ்வொரு கடைக்காரரும் வாசலுக்கு வந்து தன் கடையின் பெயரைச் சொல்கிறார். தெருவே அவளுக்கு வழியாகிறது.

இந்த முடிவின் மேல் எனக்கு ரொம்பப் பிரியம். இரண்டு இரவு தூக்கத்தைக் கொடுத்து எழுதியது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. "பழனியப்பன் கல்லாவ விட்டு எழுந்திரிப்பாரா? மருந்துக் கடைல இப்ப ஓட்டல் வந்திருச்சு, அந்தப் புள்ளைங்களுக்கு என்னை யாருன்னே தெரியாது லா. நீ எழுதுற ஊரு அம்பது வருசத்துக்கு முந்தி இருந்திச்சுடா தம்பி. நான் இப்ப இருக்கிற ஊருல நடக்கணும்."

உண்மைதான். மழையில் ஓடிய அந்த இரண்டு பேருக்காக நான் ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்னாதான்கா முடிவு?"

அவள் எழுந்தாள். தம்ளரைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்க வேண்டியதுதான். அறுபத்து மூணு வருசம் கேக்காம நடந்தாச்சு. படிங்க சொல்லிச்சு, கேக்கத் தேவப்படல. இப்ப மனுசங்களத்தான் கேக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பயமா இருக்குடா" என்றாள்.

அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

7

இன்று காலை ஒன்பது இருபதுக்கு அவள் செருப்பை மாட்டினாள். நான் எழுந்தேன்.

"நீ ஒக்காரு. சன்னலத் தொறக்கக் கூடாது. பின்னாலேயே பூனை மாதிரி வரக் கூடாது. முடிவ எழுதுறேன்னு எதையாச்சும் கிறுக்கவும் கூடாது."

மாடிப்படி பதினேழு. எண்ணினேன். தெருக்கதவு சாத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. சன்னலை மூடியபடியே வைத்திருக்கிறேன். இப்போது ஒன்பது முப்பத்தொன்று. ஒன்பது வாசலுக்குப் பதினொரு நிமிடம் அதிகமா, குறைவா? அவள் முதல் ஆளிடம் கேட்டிருப்பாளா, அல்லது வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு

[இல்லை. கிறுக்கக் கூடாது என்றிருக்கிறாள்.]

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் லெபோ கிங் பக்கம் போவதாக இருந்தால் அது உங்களிடம் இருக்கிறது. ஊதா நிறப் புடவை, நரைத்த கொண்டை, தலையை லேசாகச் சாய்த்து நிற்பாள். "இது எந்தக் கடை?" என்று கேட்பாள், அதட்டுவதுபோல் இருக்கும், கோபம் இல்லை. கையைப் பிடிக்காதீர்கள். ஐயோ பாவம் என்று சொல்லாதீர்கள். கடையின் பெயரை மட்டும் சொல்லுங்கள். மூலைக் கடையாக இருந்தால், மூலை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.