கார் சாவியை மட்டும் தரவும்

கர்ட்டன் தைக்கிற அம்மாவின் கார் எலக்ட்ரீஷியனின் பட்டறைக்கு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக நடந்துகொண்டது. சாவியைத் திருப்பினால் கிளம்பியது, நிறுத்தினால் நின்றது. அந்த அம்மா சொன்ன கோளாறை மட்டும் கண்ணில் காட்டவே இல்லை.

அவர் சொன்னது இதுதான். சில நாட்களில் எஞ்சின் கிளம்பி இரண்டே விநாடியில் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. முகப்பில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண்ணடிக்கிறது. பத்து தடவை திருப்பினால் ஒரு தடவை ஓடுகிறது. கேட்டவுடனே எலக்ட்ரீஷியனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு செய்கிற வேலை. சாவியின் தடித்த தலைக்குள் அரிசியளவில் ஒரு சிப் இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றி வளையமாகக் காயில் என்கிற கம்பிச் சுருள் இருக்கும். நீ யார் என்று காயில் கேட்கும், சிப் பதில் சொல்லும். பதில் தெளிவாக வராவிட்டால் திருடன்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, கார் தானே எஞ்சினை நிறுத்திக்கொள்ளும்.

முதல் முறை ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். சாவி அடையாளம் தெரியவில்லை என்று பழைய பதிவு ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டு நாற்பது தடவை கிளப்பினார், நாற்பது தடவையும் ஓடியது. இரண்டாம் முறை எதற்கு வம்பு என்று காயிலையே மாற்றினார். மூன்றாம் முறை அந்த அம்மா வந்து நின்றபோது அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, காருக்கு ஒண்ணுமே இல்ல. உங்க கைதான் அவசரப்படுது. மெதுவாத் திருப்பிப் பாருங்க" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பிறகு பல நாள் நினைத்து நினைத்து வெந்தார்.

பட்டறைச் சுவரில் ஒரு போர்டு தொங்கியது. 'கார் சாவியை மட்டும் தரவும். வீட்டுச் சாவிகளைக் கழற்றிக்கொள்ளவும்.' ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் கார் சாவிக்கொத்தோடு இங்கே நின்ற வாரத்தில் அவர் வீட்டுப் பூட்டு திறந்து நகை போயிற்று. இரண்டு நாள் எலக்ட்ரீஷியனை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் நிஜத் திருடன் அகப்பட்டான். வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் அந்த போர்டை எழுதி மாட்டியதுதான். அதை ஒழுங்காகப் படித்து நடந்தவர்களில் முதல் ஆள் கர்ட்டன் அம்மா. வரும்போதெல்லாம் கொத்திலிருந்து கார் சாவியைத் தனியாகக் கழற்றி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு நடுப்பகலில் அவருடைய கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. அந்த அம்மாதான் அவரைத் தூக்காத குறையாக நடத்திவந்து பின்சீட்டில் சாய்த்தார். சாவியைத் திருப்பினார். ஓடி நின்றது. பதினோரு தடவை திருப்பினாராம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் நாற்பது நிமிஷம் கழித்து வந்தபோது பின்சீட்டில் உயிர் இல்லை.

செய்தி எலக்ட்ரீஷியனின் காதுக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் அந்த அம்மாவே போன் செய்துதான். இந்தக் காரை எடுத்துக்கொண்டுபோய் யாருக்காவது விற்றுக் கொடுங்கள், வாசலில் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

போனார். கூடம் முழுக்கத் துணிச் சுருள்கள் சாய்ந்து நின்றன. தையல் மெஷின்மேல் பாதி மடித்த திரை ஒன்று அப்படியே கிடந்தது. அந்த அம்மா ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் பிரித்துக் கார் சாவியைக் கழற்றத் தொடங்கினார். துக்க வீட்டிலும் தன் போர்டுக்கு மரியாதையா என்று எலக்ட்ரீஷியனுக்குக் கூசிப்போயிற்று. கழற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்.

கொத்தில் வீட்டுச் சாவி இரண்டு, பீரோ சாவி ஒன்று, கார் சாவி. அதை ஒட்டித் தடித்த கறுப்புத் தலையோடு இன்னொரு கார் சாவி.

"இது எந்தக் கார் சாவி அக்கா?"

"பையனோடது" என்றார் அந்த அம்மா. பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் போன வருஷம் லாரியில் அடிபட்டுப் போனது ஊருக்கே தெரியும். "காரு நசுங்கிப் பழைய இரும்புக்குப் போயிருச்சு. சாவியையும் வாட்ச்சையும் கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. அதுலேருந்து இதுலயே இருக்கு."

எலக்ட்ரீஷியன் வாசலுக்குப் போய்க் காரில் உட்கார்ந்தார். கொத்தோடு திருப்பினார். எஞ்சின் கிளம்பி அணைந்தது. சிவப்பு விளக்கு கண்ணடித்தது. மகனின் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருப்பினார், ஓடியது. மறுபடி மாட்டினார், அணைந்தது. இரண்டு சிப்பும் ஒட்டித் தொங்கும்போது காயில் கேட்டதற்கு இரண்டும் ஒரே நேரத்தில் பேசியிருக்கின்றன. கார் குழம்பிப்போயிருக்கிறது. பட்டறையில் இது எப்படித் தெரியும்? அங்கேதான் ஒற்றைச் சாவியைக் கொண்டுவரச் சொல்லி எழுதி மாட்டியிருக்கிறாரே. சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார்.

"என்ன தம்பி? என்ன கோளாறு அதுல?"

உன் மகனின் சாவிதான் உன் புருஷனைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது? மகன் நினைவாகத் தாய் எப்போதும் கையோடு வைத்திருந்த பொருள் அது.

"நான் மாத்தின காயில்தான் அக்கா. ஒயரைச் சரியா உக்கார வைக்கல. என் தப்பு."

அந்த அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு தடவை வந்தேனே தம்பி."

"ஆமாக்கா."

"சிரிச்சீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, முதல் முறையாக வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விற்க வேண்டாம், சரிசெய்து கொடுங்கள் என்றார். அரை டஜன் வீடுகளில் திரை மாட்டிக் கொடுக்கவேண்டியிருந்தது. இத்தனை சுருளையும் தலையிலா சுமக்க முடியும்?

எலக்ட்ரீஷியன் அடுத்த பொய்யைத் தயார் செய்தார். கொத்துப் பாரம் பூட்டைக் கெடுக்கும், கார் சாவியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுச் சாவிகளையும் பீரோ சாவியையும் அந்த அம்மா உடனே கழற்றினார். மகனின் சாவியில் மட்டும் பெருவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இது கூடவே இருக்கட்டும். இது கையில பட்டாத்தான் எனக்கு வண்டி ஓட்ட வரும்."

அன்றைக்குக் காரோடு இரண்டு சாவிகளும் பட்டறைக்கு வந்தன. மதியச் சோறு கொண்டுவந்த மனைவி கதையைக் கேட்டுவிட்டுத் தூக்குவாளியை ணங்கென்று வைத்தாள். செய்யாத தப்பை எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள், ஊர் வாயை மூட முடியுமா, நாளைக்கு எவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான் என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

"செய்யாத தப்புன்னு யார் சொன்னா?" என்றார் அவர், போர்டைப் பார்த்துக்கொண்டே. அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வழி ஒன்று இருந்தது. சிப் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு, காரோடு வாயாடாது. அவர் மகனின் சாவித் தலையைக் கத்தி முனையால் மெல்லப் பிளந்து, உள்ளேயிருந்த சிப்பை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டார். மறுபடி ஒட்டவேண்டும். இணைப்பின்மேல் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. அழுக்கு இருந்தால் பசை பிடிக்காது. இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம், கை தானாக அழுக்கைக் கரைக்கிற தின்னர் டப்பாவுக்குப் போயிற்று. துணியை நனைத்துச் சுத்தமாகத் துடைத்து, பிளந்த சுவடே தெரியாமல் ஒட்டினார். கடையிலிருந்து வாங்கியதுபோலப் பளபளத்தது. அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவர் மனசு கொஞ்சம் லேசாயிற்று.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். ஓடியது. நிறுத்தி மறுபடி திருப்பினார், ஓடியது. ஆறு தடவை பார்த்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. இன்னும் சில நாளில் தன்னை மன்னித்தாலும் மன்னித்துவிடுவார் என்று எலக்ட்ரீஷியனுக்குத் தோன்றியது.

அப்போது அந்த அம்மாவின் பெருவிரல், பழக்கப்படி, தொங்கிய சாவியின் தலையைத் தேடிப் போயிற்று. தடவிப் பார்த்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதுல நீலமா ஒண்ணு இருந்துச்சே தம்பி."

"பெயின்ட் அக்கா. அழுக்கா இருக்கேன்னு துடைச்சு..."

"கடைசி நாள் அடிச்ச பெயின்ட். ஈரக் கையோட சாவியைத் திருப்பிக் கிளம்பியிருக்கான்" என்றார் அந்த அம்மா. குரல் உயரவே இல்லை. "அவன் விரல் ரேகை தம்பி அது."

எலக்ட்ரீஷியன் காயில் என்று சொல்லி வாங்கிக்கொண்ட பழியையாவது சுமந்துவிடலாம் என்று இருந்தார். இதற்கு யார்மேலும் எதன்மேலும் சாக்குச் சொல்ல முடியாது.

"துடைச்ச துணி இருக்கா?"

அவர் ஓடிப்போய்க் குப்பை டிரம்மைத் தரையில் கவிழ்த்தார். கிரீஸும் கரியும் ஏறிய துணிகளுக்கு நடுவே முழங்காலிட்டுத் தேடினார். நகத்தளவு நீலம் தீற்றிய கந்தல் ஒன்று அகப்பட்டது. இரண்டு கையாலும் அதை எடுத்துக்கொண்டுபோய் நீட்டினார். அந்த அம்மா வாங்கி, நீலம் உள்பக்கம் இருக்கும்படி நான்காக மடித்து, கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

பிறகு கியரைப் போட்டார். கார் ஒரு தடவைகூட அணையாமல் தெருமுனைவரை ஒழுங்காக ஓடி, திரும்பிப் போயிற்று.