வெதுவெதுப்பாக இருந்த பானெட்

நண்பர் ஆரினின் வீட்டுக்குப் போனதும் வெர்லின் செய்த முதல் காரியம், விற்பனைக்கு நின்ற பழைய டீசல் பிக்கப்பின் பானெட்டில் கை வைத்துப் பார்த்ததுதான். வெதுவெதுப்பாக இருந்தது. அத்தோடு முகம் இறுகிவிட்டது. குளிரில் கிடந்த டீசல் இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் வயோமிங்கில் விடிகாலையில் வண்டி பார்க்கப் போவது. முன்பே சூடேற்றி வைப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி.

“மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு இப்பத்தான்யா வந்தேன்,” என்றார் ஆரின்.

“எல்லாரும் சொல்றதுதான்.”

“நாப்பது வருஷமா பழகறோம். வண்டி வாங்க வந்தியா, என்னை விசாரிக்க வந்தியா? சரி, விடு. ஐயோன் குதிரையைப் பார்க்கணும்னு கேக்கறாளாம். நானே டிரெய்லர்ல இழுத்துட்டு வந்து விடறேன்.”

“என் வீட்டுக் குதிரையை என் வண்டி இழுக்கும்.”

ஐயோன் வெர்லினின் மனைவி. மலைக்கு அந்தப் பக்கம் பஃபலோ என்ற ஊரில், மகள் மார்லா வீட்டில் படுத்திருந்தாள். மருந்தெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. தன் கிழட்டுக் குதிரை டில்லியை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே அவள் கேட்டது. வெர்லினின் வண்டியோ கியர்பாக்ஸ் உடைந்து கொட்டகையில் கிடந்தது. டிரெய்லர் இழுக்காத சின்னக் காரில் அவளைப் பார்க்க அவர் போகும்போதெல்லாம் வண்டி கிடைத்ததா என்று கேட்பாள்.

“பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“என்னைக் கட்டிக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலயே,” என்று சிரித்தாள்.

எட்டு நாள் அலைந்தார். ஒரு வண்டியில் அடிச்சட்டம் துரு. இன்னொன்றில் கியர் ஆயில் கருகி நாறியது. மூன்றாவதற்கு இறக்கத்தில் பிரேக் தாங்காது என்றார். ஊரையே சந்தேகப்படத் தெரிந்த மனுஷனுக்கு நாள் போவது மட்டும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் விடியும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஆரினின் வீட்டில் போய் நின்றார். பானெட்டில் உறைபனி படிந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆரின் விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டில்லியை டிரெய்லரில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போது போன் வந்தது.

“அப்பா, அம்மா போயிட்டாங்க. இப்பத்தான்,” என்றாள் மார்லா. “எங்கே இருக்கீங்க?”

“கிளம்பிட்டேன்மா.”

டென் ஸ்லீப் மலைப்பாதையின் ஏற்றம் முழுக்க வண்டி ஓரிடத்திலும் திணறவில்லை. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. ஏதாவது ஒரு கோளாறு தலைகாட்டாதா என்று வெர்லின் ஏங்கினார். ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த எட்டு நாளுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். உச்சிவரை ஒன்றுமே இல்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார்.

பஃபலோவில் டில்லியை இறக்கி, ஐயோன் கிடந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே திரை போட்டிருந்தது.

“திரையைத் திறம்மா.”

“இனிமே எதுக்குப்பா?”

“கேட்டாளே.”