மூன்று ஜாடி வெறும் தண்ணீர்

வகுப்பில் அவளுக்குத் தராசு என்று பெயர். பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்கள் கண்ணளவில் தண்ணீர் ஊற்றிவிட்டு அரட்டையில் இறங்கிவிடுவார்கள். அவள் மட்டும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, குடுவையின் கோட்டைத் தண்ணீர் சரியாகத் தொடுகிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அவளுடைய அம்மா பூக்கடைக்காரி. ரோஜா வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "தண்ணியில ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் வினிகர். பத்து நாள் நிக்கும். நிக்கலைன்னா வந்து என்னைக் கேளுங்க." பதினைந்து வருடத்தில் ஒருவரும் வந்து கேட்டதில்லை.

பள்ளிகளுக்கு இடையே அறிவியல் கண்காட்சி வந்தது. வகுப்புக்கு ஒரு சோதனைதான் போகலாம். அம்மாவின் மருந்தையே சோதிப்பது என்று தராசு முடிவுசெய்தாள். அன்றிலிருந்து அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "என் மருந்தை ஸ்கூல்ல ஆராய்ச்சி பண்றாங்க" என்று, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக்கூடச் சொன்னாள்.

கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய பலகையில் ஆறு ஜாடிகள். ஒரே கட்டிலிருந்து எடுத்த முப்பது ரோஜாக்கள், ஜாடிக்கு ஐந்து. காம்புகள் எல்லாம் முப்பது சென்டிமீட்டர். மூன்று ஜாடிகளில் மருந்து, மூன்றில் வெறும் தண்ணீர். வெளிச்சம் யாருக்கும் கூடக் குறையப் போய்விடக் கூடாதென்று ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தாள். மருந்து ஜாடிகள் மூன்றிலும் சிவப்பு மையில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினாள். தினமும் மாலையில் தலை தொங்கிய பூக்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மருந்து ஜாடிகளில் இரண்டு பூக்கள் தலை தொங்கின. ஏழாம் நாள் ஒன்பது. வெறும் தண்ணீரில் ஒன்றே ஒன்று.

தராசு இன்னொரு தடவை எண்ணினாள். அதே கணக்கு. நோட்டை மூடி வைத்தாள். முன்கடையில் அம்மா யாரிடமோ பாடிக்கொண்டிருந்தாள்: "ஒரு ஸ்பூன் சர்க்கரை..."

"எப்படி இருக்கு என் மருந்து?" என்று அம்மா இரவுச் சாப்பாட்டில் கேட்டாள்.

"இன்னும் முடியலம்மா."

"முடியட்டும், முடியட்டும். டீச்சர் வந்தா ஒரு கொத்து கட்டி வைக்கிறேன்."

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை நோட்டைக் கொடுத்தாக வேண்டும். எண்ணியதை எண்ணியபடி எழுதினால் கண்காட்சிக்குப் போகலாம். ஆனால் ஊரறிய அம்மாவின் பேச்சு பொய்யாகும். மாற்றி எழுதலாம் என்ற யோசனை வாசல்வரை வந்தது. தராசு அதை உள்ளே விடவில்லை. வேறு வேலை இல்லாததால், கடைசிப் பக்கம் நிறையட்டும் என்று ஸ்கேலை எடுத்துக் காம்புகளை மறுபடி அளந்தாள்.

மருந்து ஜாடியில் முப்பது. மற்ற இரண்டு மருந்து ஜாடிகளிலும் முப்பது. வெறும் தண்ணீர் ஜாடியில் இருபத்து மூன்று.

அவள் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்கேல் சரியாகத்தான் இருந்தது.

"அம்மா, இந்த ஜாடியை எல்லாம் நீ ஏதாவது பண்ணினியா?"

"நானா? உன் மருந்து ஜாடி பக்கம்கூடப் போகலியே. பெருசா எழுதி ஒட்டியிருக்கியே."

"மத்த மூணு?"

அம்மா கத்தரிக்கோலைத் துடைத்தாள். "அதுங்களுக்குத்தான் மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பார்க்கவே பாவமா இருந்துச்சு. தினம் காலையில கடைப் பூவுக்கு நுனி நறுக்கும்போது, அதுங்களுக்கும் அரை விரக்கடை நறுக்கித் தண்ணி மாத்தி விட்டேன். ஏன், தப்பா?"

தராசு ஜாடிகளைப் பார்த்தாள். மூன்றில் சிவப்புத் தாள். மூன்றில் ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீரில் தொடுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளேதான் நினைத்திருந்தாள்.

"தப்பு உன்னோடது இல்லம்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை உயிரியல் டீச்சர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "வெறும் தண்ணீர்ப் பூக்கள் தினமும் நறுக்கப்பட்டன, தண்ணீரும் மாற்றப்பட்டது. ஆகவே அவை நின்றது எதனால் என்று சொல்ல முடியாது. மருந்து உதவுகிறதா என்றும் சொல்ல முடியாது."

"இதை எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"காம்போட நீளத்துக்குத் தெரியுமே டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். ஆனாலும் கண்காட்சிக்கு, வகுப்பில் இன்னொருவர் செய்த, முடிவு சொல்ல முடிந்த ஈஸ்ட் சோதனைதான் போனது. தராசு அதற்காகக் கழிப்பறையில் சிறிது நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கணக்கு வகுப்புக்குப் போனாள்.

சாயந்தரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஏழாம் நாள் கணக்கையும் சேர்த்து. அம்மா வெகுநேரம் ரிப்பனைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ என் மருந்து நல்லதா, இல்லையா?"

"தெரியலம்மா."

"பதினஞ்சு வருஷமா சொல்றேன்."

"அவங்க வாங்கிட்டுப் போன பூவை நீ திரும்பப் பார்த்தியா?"

அம்மா உள்ளே போய்ப் பலகையில் இருந்த ஜாடிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். "மறுபடியும் வைப்போம். மருந்து மட்டும் ஒண்ணு, நறுக்கினது மட்டும் ஒண்ணு, ரெண்டும் பண்ணினது ஒண்ணு..."

"ரெண்டும் பண்ணாதது ஒண்ணு. வகைக்கு மூணு. தண்ணி எல்லாத்துக்கும் ஒரே நாள்ல மாத்தணும்."

"பன்னெண்டு ஜாடி. எல்லாத்துலயும் ஒட்டு." கத்தரிக்கோலை மகளிடம் நீட்டினாள். "இங்க நறுக்குற வேலை உன்னோடது. என் கை சும்மா இருக்காது."

மூன்றாம் நாள் காலை தராசு பள்ளிக்குக் கிளம்பும்போது, ஒன்றும் செய்யாத ஜாடிகளின் முன்னால் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வாசலில் ஒருவர் ரோஜா கேட்டார். எத்தனை நாள் நிற்கும் என்றும் கேட்டார்.

"சர்க்கரை, வினிகர் போடுங்க. பத்து நாள் நிக்கும்னு..." அம்மா சற்று நிறுத்தினாள். "நினைக்கிறேன். அடுத்த வாரம் வாங்க, சரியாச் சொல்றேன்."