யாருக்கும் தெரியாத லைட்

தயானி கைபேசியின் டார்ச்சை அணைத்துவிட்டுச் சைக்கிளோடு தேயிலைக்குள் இறங்கினாள்.

இறங்கினாள் என்பது மரியாதைக்கு. உண்மையில் விழுந்தாள். சாலையோரம் மழைத்தண்ணீர் ஓடும் கான் இருட்டில் தெரியவில்லை. முழங்கால் கல்லில் மோதியது. கத்தக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேலே சாலையில் மோட்டார் சைக்கிள் வந்தது. மெதுவாக. கடந்து போனது. நின்றது. திரும்பியது.

அதன் ஹெட்லைட் தேயிலைச் செடிகளின் தலைக்கு மேல் ஒருமுறை தடவிப் பார்த்தது. தயானி சைக்கிள் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் சமையலறையில் அவளுக்கு வேலை. முடிய ஏழு மணியாகும். கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடும். வீடிருக்கும் தேயிலைத் தோட்டம்வரை ஐந்து கிலோமீட்டர். நடுவில், மூடிக் கிடக்கும் தேயிலை பெக்டரி ஓரத்து வளைவு. மூன்று வாரமாக அவன் அங்கேதான் நிற்கிறான். முதல் நாள் வழியை மறித்தான். இரண்டாம் நாள் ஹேண்டிலைப் பிடித்தான். மூன்றாம் நாள் கையை.

அதன்பிறகு தயானி கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்றுதான். வளைவு வருமுன்னே வெளிச்சத்தை அணைப்பது. இருட்டோடு இருட்டாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தப்புவது.

அவன் யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லையே.

பத்து நிமிடம் கழித்து மோட்டார் சைக்கிள் போனது. அதற்கு மேலும் பத்து நிமிடம் அவள் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை அவள் கணவன் ஜெயரூபன் கொழும்பிலிருந்து வந்தான். துணிக்கடை வேலை, மாதம் ஒருமுறைதான் லீவு. வந்ததும் அவள் முழங்காலைப் பார்த்தான்.

"என்னா புள்ள இது?"

"கான்ல விழுந்துட்டேன்."

"எப்பிடி?"

"இருட்டுங்க."

பொய்யில்லை. பாதி உண்மை. அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஜெயரூபன் மறுநாள் காலையிலேயே அவளைப் பண்டாரவளைக்கு இழுத்துப்போய் ஸாஹிரின் சைக்கிள் கடையில் நிறுத்திவிட்டான்.

"நல்ல வெளிச்சமா ஒரு லைட் காட்டுங்க நானா. என் பொஞ்சாதி கான்ல நீச்சல் பழகுறா."

ஸாஹிர் கண்ணாடி அலுமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தார். "இதப் பாருங்க. ஆயிரத்து இருநூறு லூமன்ஸ். தங்கச்சி எல்லயில இதப் போட்டா அப்புத்தளையில தூங்குறவனும் எழும்பிருவான்."

"தூரத்துல இருந்தே தெரியுமா நானா?" தயானி கேட்டாள்.

"தெரியுமாவா!"

"தெரியாத மாதிரி ஒண்ணு இல்லியா?"

ஸாஹிர் அவளை ஒரு விநாடி பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "யாருக்கும் தெரியாத லைட்டா? அது என்கிட்ட ஒரு பெட்டி ஈக்கு தங்கச்சி. எல்லாம் பழுதானது."

ஜெயரூபனும் சேர்ந்து சிரித்தான். தயானி சிரிக்கவில்லை.

"எனக்கு ரோடு தெரிஞ்சாப் போதுங்க. நான் எதுக்கு மத்தவங்களுக்குத் தெரியணும்?"

"அப்பிடிச் சொல்லாதீங்க. நாங்க பாக்குறதுக்கு ஒரு லைட், எங்களப் பாக்குறதுக்கு ஒரு லைட். ரெண்டும் வேணும். லொறிக்காரன் கண்ணுல நீங்க படல்லன்னா என்னா ஆவுற?"

யார் கண்ணில் படுவது என்பதல்லவா அவள் கவலை!

அலுமாரியின் மூலையில் ஒரு பழைய டைனமோ கிடந்தது. சக்கரம் சுற்றினால் எரியும், நின்றால் அணையும். தயானியின் கண் அதில் நின்றது. நின்றால் அணையும்! ஸாஹிர் அதை ஒரு சக்கரத்தில் மாட்டிச் சுற்றிக் காட்டினார். கிர்ரென்று கடையே அதிர்ந்தது. அந்தச் சத்தம் வளைவுக்கு அந்தப்பக்கமும் கேட்கும்.

வேறொன்று இருந்தது. சின்னது. மேலே தொப்பிபோல ஒரு மூடி.

"இதோட வெளிச்சம் கீழ மட்டுந்தான் விழும்," என்றார் ஸாஹிர். "எதிர்ல வாறவன் கண்ணு கூசாது."

"இது போதும்!" தயானி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சாமிப் படத்துக்கு முன்னால எரியிற பல்பு இதவிடப் பெருசு," என்றான் ஜெயரூபன். "வெய்யி கீழ."

"நம்ம ரோட்டுல பனிமூட்டங்க. பெரிய வெள்ள லைட் போட்டா முன்னால சுவர் கட்டுன மாதிரி ஆயிரும்."

"தங்கச்சி சொல்றது சரிதான்," என்றார் ஸாஹிர். ஒரே ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. "அதுக்குத்தான் பெரியதுல மஞ்சளும் ஈக்கு. இந்த பட்டன அமத்தினா மாறும்."

முடிந்தது.

பின்னால் மாட்ட, விட்டுவிட்டு எரியும் சிவப்பு லைட்டும் வாங்கினான் ஜெயரூபன்.

"அணைக்கிறது எப்பிடி நானா?" என்றாள் தயானி.

"மூணு செக்கன் அமத்திப் பிடிக்கணும். சும்மா கை பட்டு அணையாம இருக்கத்தான்."

முன்னால் மூன்று விநாடி. இறங்கி, பின்னால் மூன்று விநாடி. அவன் வந்து சேர அவ்வளவு போதும்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜெயரூபன் லைட் பெட்டியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தான்.

"ஏங்க... நான் வேலைய விட்டுறவா?"

"லைட் வாங்குன அன்னைக்கா? ஏன், யாரும் ஏதும் சொன்னாங்களா?"

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜெயரூபன் நம்பமாட்டான். அல்லது நம்பிவிடுவான். நம்பினால் லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே இன்றைக்கே கத்தி எடுப்பான். இரண்டில் எது மோசம் என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை.

"சும்மா கேட்டேன்," என்றாள்.

அந்தியில் லயத்து வாசலிலேயே வைத்து இரண்டு லைட்டையும் மாட்டினான். முன்லைட்டைப் போட்டதும் எதிர்மலையின் தேயிலை நிரை நிரையாகத் தெரிந்தது. ராத்திரி ரயிலுக்கு அவன் கிளம்ப வேண்டும். பையை எடுத்தவன் நின்றான்.

"இன்னொரு ஏற்பாடும் பண்ணிட்டேன். நாளையில இருந்து நீ தனியா வரவேணாம்."

"என்னா ஏற்பாடு?"

"பெக்டரி வளைவுல ஒரு ஆளு நிப்பான். தூரத்துல உன் லைட் தெரிஞ்சதும் பைக்க ஸ்டார்ட் பண்ணி, உன் பின்னாலேயே வாசல்வரைக்கும் வருவான்."

தயானி சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். "யாருங்க?"

"நம்பிக்கையில்லாத ஆளையா விடப்போறேன்? நம்ம வீட்டு ஆளுதான்."

அடுத்த காம்பரா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். கதவு திறந்தது. ஜெயரூபனின் தம்பி ஜீவன் வெளியே வந்தான். குனிந்து, பின்லைட்டின் ரப்பர் பட்டியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினான். பட்டனை அழுத்தினான். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தது.

"நல்லாத் தெரியும்ணே," என்றான் அண்ணனிடம். பிறகு அவளை நிமிர்ந்து பார்க்காமலே, "ஏழு மணிக்கு நிக்கிறேன் அண்ணி."

மூன்று வாரமாக அந்த வளைவில் நின்றவன் ஜீவன்தான்.