போட்டுப் பார்த்த நாற்பது மாஸ்க்

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் பட்டுத்துணி கருகிக்கொண்டிருந்தது. டெய்லரம்மாவுக்குத் தெரியவே இல்லை. அடுத்த அறையிலிருந்து புருஷன் எழுந்து வந்து, இப்படி நாறுதே, மூக்கு அடைச்சுப் போச்சா என்று கேட்டார். கருகிய துணியை மூக்கோடு வைத்து இழுத்துப் பார்த்தாள். மிஷின் எண்ணெயை முகர்ந்தாள். எதிலும் வாசனை இல்லை.

கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாளில் ரவிக்கை தைக்க ஒரு ஆள் வரவில்லை. அப்புறம்தான் புடவைக்கு மேட்சாக மாஸ்க் என்று கிளம்பினார்கள். மூஞ்சியை மூடினாலும் மினுக்கு குறையக்கூடாது பாருங்கள்! ஜரிகையும் மணியும் வைத்து இவள் தைத்தது வீட்டுக்கு வீடு பேர் வாங்கியது. இப்போது ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்பது. மணப்பெண்ணின் அக்கா வாங்கிப் போக வந்துகொண்டிருந்தாள்.

அந்த நாற்பதையும் டெய்லரம்மா நேற்றுச் சாயங்காலம் தன் முகத்தில் போட்டுப் பார்த்திருந்தாள். காது இழுக்கிறதா, மூக்கில் நிற்கிறதா என்று பார்க்காமல் ஒன்றைக்கூடக் கொடுத்ததில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு கர்வம். பெண்ணின் அப்பாவோ நெஞ்சு ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறவர்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். வெறும் ஜலதோஷமாக இருந்தால்? சொல்லிவிட்டால் இனி எவள் இவள் தைத்ததை முகத்தில் வைப்பாள்?

கார் வந்து நின்றது. கதவைத் தாழிட்டு, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு, மூக்கில் வாசனை போனதையும் நாற்பதையும் போட்டுப் பார்த்ததையும் ஜன்னல் வழியாகச் சொன்னாள். பெண்ணின் அக்காவுக்கு முகம் செத்துப்போனது. விடிந்தால் கல்யாணம், போட்டோக்காரருக்கெல்லாம் சொல்லியாச்சு என்றாள். கொஞ்சம் வெயிலில் காயவைத்தால் போதாதா என்று கெஞ்சினாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவா போகுது? பையில போட்டு வாசல்ல வைங்க. நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

டெய்லரம்மாவின் கை பையைத் தேடியது. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா வெளியே கையை நீட்டினார்.

"என்னோடத மட்டும் இப்பவே குடும்மா. போட்டுப் பாக்கறேன்."

அடுப்பில் குளிக்க வைத்த வெந்நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. டெய்லரம்மா நாற்பதையும் வாரி அதில் போட்டாள். ஜன்னலில் பெண்ணின் அக்கா இவளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தாள். சாயம் கழன்று, ஜரிகை சுருண்டு மேலே மிதந்து வந்ததையெல்லாம் டெய்லரம்மா அழுதுகொண்டே கரண்டியால் அமுக்கினாள்.