கோப்பி மண்

பஸ்ஸில் சீனித்தம்பிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மடியில் இரண்டு கறுப்புப் பைகள் இருக்கும். இரண்டிலும் கழுத்துவரை ஈரக் கோப்பிச் சக்கை. விடியற்காலையில் அவர் துப்புரவு செய்யும் அலுவலகத்தில் எட்டுக் கோப்பி இயந்திரங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் தண்ணீருக்குப் பதிலாகக் கோப்பி குடிக்கிறவர்கள். குப்பைக்குப் போகிற சக்கையை அவர் நான்கு வருடமாக இப்படிக் கட்டிக்கொண்டு போகிறார். கூட வேலை செய்த அருளானந்தன், "என்னண்ண, பொன்னா காவிக்கொண்டு போறீங்க?" என்று கேலி செய்து, கேலி அலுத்துப்போய், வேறு வேலைக்கே போய்விட்டான்.

ஒஸ்லோ நகரின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் நிலக்கீழ் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறி, பியோர்ண்டாலுக்கு அப்பால் கடைசித் தரிப்பில் இறங்கி, இருபது நிமிடம் நடந்தால் ஒரு பண்ணை. அதன் பின்பக்கத்தில் செடி வளர்க்கிற ஒரு பழைய கண்ணாடிக்கூடம். அதுதான் சீனித்தம்பியின் குத்தகை.

முதல் முறை பார்த்தபோது அதைக் கூடம் என்றே சொல்ல முடியவில்லை. பாதிக் கண்ணாடி உடைந்து உள்ளே கிடந்தது. மண் களி, வெயில் பட்டால் ஓடு, மழை பட்டால் பசை. பண்ணைக்காரக் கிழவர் ஹால்வோர் தோளைக் குலுக்கி, "வேண்டுமென்றால் செய்து பார்" என்றார். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார், கை கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. சீனித்தம்பி ஒரு கோடை முழுவதும் குந்தியிருந்து கண்ணாடித் துண்டுகளை விரலால் பொறுக்கினார். குதிரை ஓடப் பழக்கும் இடத்தில் கெஞ்சி எரு வாங்கித் தள்ளுவண்டியில் தள்ளினார். இலையுதிர்காலத்தில் பேர்ச் மரத்துச் சருகைச் சாக்குச் சாக்காய் அள்ளினார். அதோடு தினமும் கோப்பிச் சக்கை. இப்போது கையை முழங்கைவரை மண்ணுக்குள் விடலாம். கறுத்து, பொலுபொலுத்து, மோந்தால் கோப்பி மணக்கும்.

கத்தரி, பச்சைமிளகாய், பொன்னாங்காணி. ஒஸ்லோவில் ஒரு தமிழ்க்கடை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். துப்புரவு வேலை அரை நேரம்தான். அது அறை வாடகைக்குப் போய்விடும். கூடத்தில் விளைவதுதான் பூமணிக்கு. பூமணி அவருடைய மனைவி. யுத்தத்தில் வாகரையில் இருந்து ஷெல்லடிக்குள்ளால் ஓடி வந்து மட்டக்களப்பில் ஒரு முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தாள். ஞாயிறுதோறும் அவளோடு கதைப்பார். மற்ற ஆறு நாளும் கத்தரிச் செடிகளோடுதான் கதை. "என்ன, இண்டைக்கு முகம் வாடிக் கிடக்கு?" என்று அவர் கேட்பதை யாரும் கேட்டால் சிரிப்பார்கள். கேட்க யாரும் இல்லை என்பதுதான் அவருடைய கவலை.

அந்த வருடம் வசந்தத்தில் ஹால்வோர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். மகள் எமிலி பண்ணையை ஏற்றாள். நல்ல பெண், கண்டால் கையசைப்பாள்.

"மாமா, ஒரு கொன்ட்ராக்ட் எழுதி வாங்குங்கோ" என்றாள் நிசாந்தினி. கடைக்காரரின் மகள், ஒஸ்லோவிலேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "நான் நொர்ஸ்க் பாஷையில எழுதித் தாறன். அவ கையெழுத்து வைச்சாக் காணும்."

"பேப்பர நீட்டினா நம்பாத மாதிரி இருக்கும் புள்ள. நான் முறைப்படி செய்யிறன்."

முறை என்று அவர் சொன்னது அவருடைய அப்பன் பாட்டன் செய்த குத்தகை வயலின் முறை. முதல் விளைச்சலில் ஒரு கூடை நிரப்பி, வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிற்க வேண்டும். போடியார் தன் கையால் கூடையை வாங்கினால் வருகிற போகமும் வயல் உனக்கு. வாங்காமல் "அதில வை, பாப்பம்" என்றால் வேறு வயல் தேட வேண்டியதுதான். வாங்கிவிட்டு வயலை மாற்றிக் கொடுத்த போடியாரைச் சீனித்தம்பி கண்டதில்லை. ஹால்வோரும் மூன்று வருடம் கூடையை இரண்டு கையாலும் வாங்கினார். மூன்று வருடமும் கூடம் சீனித்தம்பியிடமே இருந்தது. பிறகு எதற்குப் பேப்பர்?

ஓகஸ்ட்டில் முதல் கத்தரி வந்தது. சீனித்தம்பி முகம் மழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கூடையோடு எமிலியின் கதவைத் தட்டினார். எமிலி "ஓ!" என்று வாயைப் பொத்தினாள். கூடையை வாங்கி நெஞ்சோடு அணைத்து, மற்றக் கையால் அவரையும் அணைத்துக்கொண்டாள். "ஆயிரம் நன்றி" என்றாள்.

"வாங்கித்தாளா?" என்று தொலைபேசியில் பூமணி கேட்டாள்.

"கையால வாங்கித்தாள். என்னைக் கட்டியும் பிடிச்சித்தாள்."

"அப்ப ஒரு வருசத்துக்குப் பயமில்ல. அம்மாளாச்சி கண் திறந்திட்டா. இஞ்சருங்க, கட்டிப் பிடிக்கிறதெல்லாம் அந்த ஊர் முறையோ?" என்று அவள் சிரித்தாள். முகாமுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சீனித்தம்பிக்குக் கண் கலங்கிப் போயிற்று.

இரண்டு கிழமை கழித்து எமிலியின் கடிதம் வந்தது. கடையில் மிளகாயை நிறுத்துக் கொட்டிய கையோடு அதை நிசாந்தினியிடம் நீட்டினார். அவள் ஒருமுறை வாசித்து, மறுபடி வாசித்தாள்.

"செப்டெம்பர் முடியக் கூடத்த விடட்டாம் மாமா. வேற ஆக்களுக்கு வாடகைக்குக் குடுக்கப் போறாவாம். எல்லாம் வெறுமையாக்கி, கழுவித் துடைச்சுக் குடுக்கட்டாம்."

"கூடைய வாங்கினாளே புள்ள."

"என்ன கூடை?"

அவர் சொன்னார். நிசாந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அவவுக்கு அது வெறும் பிரசென்ட் மாமா" என்றாள். "கொன்ட்ராக்ட் இருந்திருந்தா ஏதாவது கதைக்கலாம். இதில எழுதினது ஒண்டுமே இல்லையே."

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தனியாகவே போனார். அவருடைய நோர்வேஜிய மொழி தரை துடைக்கவும் பஸ் ஏறவும் காணும். நியாயம் கேட்கக் காணாது. "நீ கூடை வாங்கினாய்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. இரண்டு முறை சொன்னார்.

"ஆமாம், மிகவும் ருசியாக இருந்தது!" என்றாள் எமிலி. "மீனோடு சமைத்தோம். அப்பாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்." அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்மேல் எந்தக் குறையும் இல்லை. இப்போது கூடத்துக்கு நல்ல வாடகை வருகிறது, அதுதான்" என்றாள். மறுபடி அணைக்க வந்தாள். சீனித்தம்பி ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

பூமணிக்கு அவர் சொல்லவில்லை. "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால், "காய்க்குது" என்றார்.

செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை செடிகளை வேரோடு இழுத்துக் குவித்தார். இழுக்க ஒரு பலமும் தேவைப்படவில்லை. அந்த மண் அப்படி. ஒரு செடியில் இன்னும் பூ இருந்தது. அதைக் கடைசியாக இழுத்தார். குவியலை வெளியே தள்ளிவிட்டு, வாளியும் துணியும் நீண்ட தடியுமாகக் கண்ணாடி துடைக்கத் தொடங்கினார். கழுவித் துடைத்துக் கொடுப்பது அவருக்குத் தெரிந்த தொழில்தானே. கோடு விழாமல், மூலை விடாமல், மேலிருந்து கீழாகத் துடைத்தார்.

மத்தியானம் எமிலி இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். நகரத்து இளம் தம்பதி, புதுச் சப்பாத்து. அவர்கள் அவருக்குத் தலையசைத்தார்கள், துப்புரவுக்காரருக்கு அசைப்பது போல. எமிலி சுற்றிக் காட்டினாள். அவள் சொன்னதில் பாதி அவருக்கு விளங்கவில்லை. மண், நல்ல மண், அப்பாவின் காலத்தில் இருந்தே என்பது விளங்கியது. தடியைப் பிடித்தபடி சீனித்தம்பி வாயைத் திறந்தார். என்ன சொல் அதற்கு? எருவுக்கு அவர்கள் பாஷையில் என்ன பெயர், சக்கைக்கு என்ன பெயர்? திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அந்த இளைஞன் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினான். மோந்து பார்த்தான். "ஆச்சரியமாக இருக்கிறது, கோப்பி வாசம்!" என்று பெண்சாதியிடம் நீட்டினான். அவளும் மோந்து சிரித்தாள். எழும்பும்போது அவன் ஒரு கையைக் கண்ணாடியில் ஊன்றினான்.

போகும்போது எமிலி திரும்பிப் பார்த்தாள். எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்று இருந்தது, ஒன்றைத் தவிர. அதைச் சுட்டிக்காட்டி, "அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, சீனி" என்று கனிவாகச் சொன்னாள்.

ஐந்து விரலும் உள்ளங்கையும் கறுப்பாகப் பதிந்திருந்தன. சீனித்தம்பி துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து, அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்தார். தண்ணீர் கோப்பி நிறத்தில் அவருடைய மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது.